முதல் நாலு சுற்று

அப்பாவின் சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து ஏதோ உருண்டு கட்டிலில் விழுந்தது. அம்மா பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. மகள் அதைச் சட்டென்று எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். பார்க்கத் தேவையே இல்லை, தொட்டதும் தெரிந்துவிட்டது. மூன்று நாளைக்கு முன் அவளே குப்பைக்கூடையின் அடியில் தள்ளி மறைத்த, லாரி என்ஜினின் பழைய ஸ்பார்க் பிளக்.

அவர் அதைத் தோண்டி எடுத்திருக்கிறார்.

பிளக்கை மாட்டும்போது முதல் நாலு சுற்று கையால்தான் ஏற்ற வேண்டும், அதற்கு முன் ஸ்பேனரைத் தொடவே கூடாது என்பது அப்பாவின் சட்டம். அவருக்கு நெஞ்சுவலி வந்து அந்தப் பழைய பெட்ரோல் லாரி அவள் கைக்கு மாறிய அன்றே சொல்லிக் கொடுத்தார். போன வாரம் சரக்கு இறக்க நேரமாகிவிட்டதென்று, சாலையோரத்தில் பிளக்கைத் துடைத்தவள் நேராக ஸ்பேனரைப் போட்டாள். பாதியில் கோணலாக இறுகியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் திருகினாள். நாலு நாள் தாங்கியது. பிறகு ஓடும் வண்டியில் வெடிச் சத்தத்தோடு பிளக் தெறித்து வெளியே வந்தது. துளையில் திருகு மரை இருந்த சுவடே இல்லை.

"கடைசியா கழட்டி மாட்டினது மாமா கடையிலதான்" என்று அப்பாவிடம் கூசாமல் புளுகினாள். மாமா அம்மாவின் தம்பி, மெக்கானிக். அப்பா அவரைப் போனில் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். மறுநாள் ஏனோ அடங்கிப்போனார். "உங்க உடம்புக்கு இந்த வேலை ஆகாது, தம்பிய வரச் சொல்லுங்களேன்" என்று அம்மா கெஞ்சியபோது, "அவன் வேணாம். நானே பாத்துக்கறேன்" என்றார். மகளைப் பார்க்காமல் சொன்னார். மாமா வந்தால் முதலில் பழைய பிளக்கைத்தான் கேட்பார் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

இன்று காலை துளையில் புது மரை வெட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே என்ஜின் மேல் சாய்ந்துவிட்டார். டாக்டர் வந்தார், போனார்.

செய்தி கேட்டு வந்த மாமா வெளியே நின்றிருந்தார், அவள் பிளக்கை மூடிய கையோடு அங்கே போனாள். லாரி வீட்டுக்கு வரும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்தால்தான் அப்பாவைக் கொண்டுபோகும் வண்டி உள்ளே வர முடியும்.

"வழி பூரா மேடு, தள்ள முடியாது. ஓட்டித்தான் எடுக்கணும். அரை மணி நேர வேலை" என்றார் மாமா.

மரை வெட்டும் டேப் பாதி இறங்கியபடி துளையிலேயே நின்றது. சுற்றிலும் கிரீஸ். வெட்டுத் தூள் உள்ளே விழாமல் அதில் ஒட்டிக்கொள்ளும்.

"கிரீஸ் எவ்வளவு பதமா தடவியிருக்காரு பாரு" என்றார் மாமா. மிச்சத்தை வெட்டி, தூளைத் துடைத்து, புது மரையாக நிற்கும் கம்பிச் சுருளை உள்ளே இறக்கினார்.

"பழைய பிளக் எங்கம்மா?"

"எதுக்கு மாமா?"

"நான் கோணலா மாட்டலன்னு அத வச்சு அவருகிட்ட காட்டணும்னு இருந்தேன். ரெண்டு நாளா கிளம்புவேன், வீம்புல உக்காந்துடுவேன். இனிமே யாருகிட்ட காட்ட?"

தொலைந்துவிட்டது என்று சொன்னால் போதும். கேட்க ஆளில்லை. மூடியிருந்த உள்ளங்கையைத் திறந்து பிளக்கைக் காட்டினாள்.

"நான்தான் மாமா. ஸ்பேனர் போட்டு ஏத்தினேன்."

மாமா அதை வெளிச்சத்தில் திருப்பி, ஒரு பக்கமாக மழுங்கிய மரையை நகத்தால் தடவினார்.

"அவருக்குத் தெரியுமா?"

"அவர் சட்டைப் பையிலதான் இருந்துச்சு."

மாமா வெகுநேரம் கையைத் துடைத்தார். பிளக்கை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். கை எட்டாத ஆழத்தில் இறக்க, புதுசை ஒரு ரப்பர் குழாயின் நுனியில் செருகி நீட்டினார்.

"கையால ஏத்து."

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. தடையில்லாமல் இறங்கியது.

என்ஜின் முதல் சாவியிலேயே பிடித்தது. உள்ளே அழுகை ஒரு கணம் நின்று, பிறகு பெரிதாக எழுந்தது. மாமா சுவரைப் பார்த்தபடி ஒதுங்கி நின்றார். அவள் லாரியைப் பின்னால் எடுத்தாள். முன்கண்ணாடி வழியே, லாரி நின்ற இடம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. எண்ணெய்க் கறை, துடைத்துப் போட்ட துணி, பம்பர் மேல் ஏறுவதற்கு முன் அப்பா கழற்றி விட்ட செருப்புகள்.