துரை வீட்டு ரோஸ்மேரி

சயானில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரின் பங்களாவில் அப்துல் ரவூப் ஒன்பது வருஷம் சமைத்தார். ஊட்டியிலிருந்து துரை கொண்டுவந்த ரோஸ்மேரிச் செடி பம்பாயில் பிழைத்ததே அவரால்தான். அதன் வேர் ஈரத்தில் நின்றால் அழுகிவிடும். மழை தொடங்கும் முன்பே ரவூப் தொட்டியை வராந்தாவுக்குள் இழுத்து வைத்துவிடுவார். துரைக்கு இதெல்லாம் தெரியாது. அந்த இலை போட்டுச் சுட்ட ஆட்டுத்தொடையை விருந்தாளிகளுக்குப் பரிமாறுவதில்தான் அவருக்குப் பெருமை.

1944 ஜனவரியில் ஒரு மதிய விருந்து. ரவூப் வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், துரையே அடுக்களைக்கு வந்து இலையைக் கைநிறைய உருவிப் போட்டார். கறி மருந்துபோலக் கசந்தது. விருந்தாளி ஒருவர் முகம் சுளித்ததும், துரை ரவூபை மேசையருகே கூப்பிட்டு, எல்லோர் முன்னிலும் கன்னத்தில் அறைந்தார்.

இனி அங்கே போகவே வேண்டாம் என்றாள் அவர் மனைவி ராபியா.

“மழை வரட்டும் புள்ள,” என்றார் ரவூப்.

ஐந்து மாதம் வாய் திறக்காமல் சமைத்தார். அவ்வப்போது ஒரு கொப்பைக் கிள்ளி மடியில் மறைத்துத் தாராவியிலிருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, தகர டின்னில் மணல் நிரப்பி ஊன்றினார். பாதிக்குமேல் பட்டுப்போயின, ஏழு வேர் பிடித்தன. முதல் மழை கொட்டிய காலையில் வேலையிலிருந்து நின்றுகொள்வதாகத் துரையிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். முற்றத்தில் தொட்டி நனைந்துகொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்தார்.

செம்பூரில் ரோஷன் என்ற பார்சி டாக்டரம்மா வீட்டில் வேலை கிடைத்தது. டின்களும் அங்கே போயின. நவம்பரில் ஒரு நாள் துரை அங்கே விருந்துக்கு வந்தார். கறியை வாயில் வைத்ததும் எழுந்து அடுக்களைக்கே வந்துவிட்டார். தன் செடி கருகிப்போயிற்று, தோட்டக்காரன் சரியாகத் தண்ணீர் ஊற்றவில்லை போலும் என்றார். ஒரு கன்று கிடைக்குமா என்று தணிந்த குரலில் கேட்டார்.

ரவூப் மறுக்கவில்லை. நன்றாகத் தழைத்த ஒன்றைப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

“மூணு வேளையும் நெறயத் தண்ணி ஊத்தணும் சாப். மண்ணு காயவே கூடாது.”

துரை நன்றி சொல்லி வாங்கிப்போனார்.

அந்தக் கன்றும் அழுகிவிட்டதென்று மூன்று வாரம் கழித்துத் துரையின் தோட்டக்காரன் சொன்னான். ரவூப் அதை வீட்டில் சொன்னபோது ராபியாவுக்குப் பிடிக்கவில்லை.

“ஒரு அடிக்கு ரெண்டு செடியக் கொன்னுட்டியளே.”

“பன்னெண்டு பேரு பாத்துக்கிட்டு இருந்தாவ புள்ள,” என்றார் ரவூப்.

அன்றைக்கு இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.