மஞ்சள் துண்டுக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கு முன்னால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு "ஆளக் காணோமே" என்று சொன்னால், ஆள் நிஜமாகவே போய்விடுவார். குழந்தை தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்ததும் திரும்பி வந்துவிடுவார்.

குழலி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது நர்சம்மா தடுப்பூசிகளைப் பற்றிச் சொல்லிவிட்டு இதையும் நினைவுபடுத்தினார். அடுப்பை அணைத்துவிட்டு விளையாட வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் முகத்தை மூடக் கூடாது. குழந்தைக்குப் பசி வந்திருந்தால் வேண்டாம், ஏனென்றால் பசித்த குழந்தை சுலபத்தில் சிரிக்காது. நானும் ஹேமாவும் தலையாட்டிவிட்டு ஆட்டோ ஏறினோம்.

குழலிக்குக் கழுத்து நின்றதும் விளையாட ஆரம்பித்தோம். முதலில் நான்தான் போனேன். துண்டின் மஞ்சள் நிறம் கண்ணுக்குள் பரவியது. பிறகு ஒரு பெரிய மைதானத்தில் நின்றுகொண்டிருந்தேன். மழை விட்ட சாயங்காலத்தின் வெளிச்சம். பார்வை போகிற தூரம் வரை கயிற்றுக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் யாரோ ஒரு அப்பாவோ அம்மாவோ படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எங்கோ வாய்க்கால் ஓடும் சத்தம். காலியாக இருந்த ஒரு கட்டிலில் உட்காரலாம் என்று குனிந்தேன். அதற்குள் குழலி சிரித்துவிட்டாள். எங்கள் ஹாலில், பாயின் மேல் குனிந்தபடி நின்றேன்.

"எப்படிங்க இருந்துச்சு?" என்று ஹேமா கேட்டாள்.

"நல்ல காத்தோட்டமா இருக்குது. நீயும் ஒருக்கா போய்ட்டு வா."

அவள் போனாள். குழலி உடனே சிரித்தாள். திரும்பி வந்த ஹேமாவின் முகம் அப்போதுதான் கழுவியதைப் போல இருந்தது.

எங்களுக்கு வேறு விளையாட்டுகளும் இருந்தன. பழைய செய்தித்தாளைக் கிழிப்போம், குழலிக்குத் தாள் கிழிகிற சத்தம் பிடிக்கும். தம்ளர்களை அடுக்கி வைத்தால் தட்டிவிடுவாள். வயிற்றில் வாயை வைத்து ஊதினால் காலை உதைத்துக்கொண்டு நெளிவாள். கண்ணாடிக்கு முன்னால் தூக்கிப் பிடித்தால் கண்ணாடிக்குள் இருக்கிற குழந்தைக்குத் தன் ரஸ்க்கை நீட்டுவாள். நான் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் இவற்றையெல்லாம் விளையாடினேன். ஹேமா மட்டும் துண்டு விளையாட்டைத்தான் விளையாடினாள். நான் வீட்டில் இருக்கும்போது விளையாடினாள், நான் வேலைக்குப் போன பிறகும் விளையாடினாள்.

ஜன்னலில் காக்கா வந்து உட்கார்ந்தால் குழலிக்குக் கவனம் சிதறும். அன்றைக்கெல்லாம் ஹேமா திரும்ப நேரமாகும். ஒருநாள் தலையை வாரிப் பின்னி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். "அங்க பக்கத்துக் கட்டில்ல ஒரு அக்கா. சும்மா இருங்கன்னாலும் கேக்காம பின்னி உட்டாங்க" என்றாள். வீட்டில் அவளுக்குத் தலை வாரிக்கொள்ள நேரம் கிடைத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

குழலி சுவரைப் பிடித்து நிற்கப் பழகிய வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஹேமா துண்டை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். "அம்மாவக் காணோமே" என்று சொல்லி முகத்தை மூடினாள். துண்டு பாயில் மெத்தென்று விழுந்தது.

குழலி துண்டைப் பார்த்தாள். நான் சமையலறை வாசலில் கேழ்வரகுக் கூழைக் கிண்டிக்கொண்டே காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. ஜன்னலில் காக்கா எதுவும் இல்லை. துண்டை நெடுநேரம் பார்த்துவிட்டு, கீழுதட்டை ஒருமுறை பிதுக்கி உள்ளே இழுத்துக்கொண்டு, தம்ளர்களை நோக்கித் தவழ்ந்து போனாள்.

கூழ் ஊட்டினேன், தூங்கவைத்தேன். எழுந்ததும் துண்டை எடுத்துக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை மேனேஜரின் வீட்டுக்குப் போன் செய்து, மனைவி மறைந்திருக்கிறாள் என்றேன். "கொழந்த சிரிச்சதும் வாங்க" என்று அவர் சொன்னார். பின்னால் அவர் வீட்டிலும் யாரோ தம்ளர்களைத் தள்ளிவிடும் சத்தம் கேட்டது.

எதிர்வீட்டு மரகதக்கா இட்லி கொண்டுவந்தார். "எங்கூட்டுக்காரரு இப்படித்தான் தம்பி, பெரியவனுக்குப் பல்லு மொளைக்கறப்பப் போனவரு, நாலு பல்லு வந்தப்பறந்தான் வந்தாரு. நல்லாத் தேறி வந்தாரு" என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நடக்கறதுக்குள்ள சிரிக்க வெச்சுருங்க. நடக்க ஆரம்பிச்சுட்டா புள்ளைக இந்த வெளையாட்ட மறந்துரும்" என்றார்.

குழலி சுவரைப் பிடித்தபடி ஒரு அடி எடுத்து வைத்து எங்களைப் பார்த்தாள். நான் அவளைத் தூக்கி உட்காரவைத்தேன்.

அதன் பிறகு காலையிலிருந்து விளையாடினோம். வீட்டில் இருந்த செய்தித்தாள்கள் தீர்ந்துவிட்டன. மரகதக்கா வீட்டுப் பேப்பர்களையும் கிழித்தோம். குக்கர் மூடியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். குழலி சிரித்தாள். ஆனால் ஹேமாவைத் தேடாமல் சிரித்தாள். ஆள் மறைந்திருக்கிற வீட்டில் அப்படிச் சிரித்தால் மைதானத்தில் முன்வரிசையில் இருப்பவர் யாரோ அவர் வந்துவிடுவார். முதலில் தாராபுரம் ரோட்டைச் சேர்ந்த ஒரு பெண் வந்தார், கையில் பாதி உரித்த ஆரஞ்சு இருந்தது. அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். குழலிக்கு இரண்டு சுளை கொடுத்துவிட்டு, தன் பையன் இந்நேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பான் என்று கிளம்பினார். வயிற்றில் ஊதியபோது தபால்காரர் ஒருவர் வந்தார். சோப்புக் குமிழி விட்டபோது யாரும் வரவில்லை, குழலி சிரிப்பதற்குப் பதிலாகக் குமிழியைக் கடிக்கப் போய்த் தும்மினாள்.

குக்கர் விசில் அடித்து அவள் சிரித்தபோது வந்தவர் நாச்சிமுத்து.

அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். காலர் அகலமான சட்டையும் கீழே விரிந்த பேண்ட்டும் போட்டிருந்தார். ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது எந்த வீதிங்க?" என்று கேட்டார். சொன்னேன். அங்கே முன்பு சோளக்காடு இருந்தது என்றார்.

"ஹேமான்னு ஒருத்தங்க. பச்சை நைட்டி. அங்க பாத்தீங்களா?"

"கடைசி வரிசைக் கட்டில்ல இருக்காங்க. பூ வெச்சிருப்பாங்களே? தூங்கறாங்க."

"நல்லா இருக்காங்களா?"

நாச்சிமுத்து டீயை ஆற்றினார். "மொதல்ல வந்தப்ப அழுதுட்டே இருந்தாங்க. அப்பறம் தூங்கிட்டாங்க. யாரும் எழுப்பாதீங்கன்னு சொல்லி வெச்சிருக்காங்க."

நான் தம்ளரை வாங்கிக் கழுவினேன். கழுவிய பிறகு மறுபடியும் கழுவினேன். ஹேமா அழுது நான் பார்த்ததில்லை. நான் வேலைக்குப் போகும்போது சிரித்துக்கொண்டே கையாட்டுவாள், நான் திரும்பி வரும்போது துண்டைக் கையில் வைத்திருப்பாள்.

நாச்சிமுத்துவின் மகன் வேலுச்சாமி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார் என்று மரகதக்கா சொன்னார். குழலியைத் தோளில் போட்டுக்கொண்டு நாச்சிமுத்துவைக் கூட்டிப் போனேன். வேலுச்சாமி ஐம்பது வயதுக்காரர், முன்தலை வழுக்கை. வாசலில் ஒரு காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்துவைப் பார்த்ததும் துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அப்பா, சாப்டீங்களா?"

"டீ குடிச்சேன். நீ நல்லா வளந்துட்ட." நாச்சிமுத்து மகனின் வழுக்கையைத் தடவிப் பார்த்தார். "ஏஞ்சாமி, அன்னிக்கு ஏன் சிரிக்கல? நான் வெகுநேரமா முன்வரிசைலயே நின்னுட்டிருந்தனே."

வேலுச்சாமி தரையைப் பார்த்தபடி பேசினார். "நீங்க துண்டுல மூஞ்சிய மூடுனப்ப தோளு குலுங்குச்சுங்கப்பா. அழுகறீங்கன்னு நெனச்சேன். அழுகறவங்களப் பாத்துச் சிரிக்கலாமுங்களா?"

நாச்சிமுத்து தலையை ஆட்டினார். "அழுதேன்தான்" என்றார். "அந்த வருஷம் மழையில்ல."

"அது எனக்குத் தெரியாதுங்கப்பா. தோளு மட்டுந்தான் தெரிஞ்சுது."

மகன் அப்பாவுக்குக் காரின் முன்கதவைத் திறந்துவிட்டார். நாச்சிமுத்து ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்தார். இருவரும் மெதுவாக, முதல் கியரிலேயே, தளி ரோட்டுப் பக்கம் போனார்கள்.

வீடு திரும்பும் வழி முழுக்கக் குழலி என் காதைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவளைப் பாயில் உட்காரவைத்து, எதிரே நானும் உட்கார்ந்தேன்.

"அம்மா அழுதது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

குழலி துண்டைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் இல்லாத பகல் பொழுதுகளில் துண்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள்தானே பார்த்தாள். பல தடவை அவள் சிரித்தது, "அம்மா, போதும் வா" என்று கூப்பிடுவதற்காக இருக்கலாம். கடைசித் தடவை கூப்பிட வேண்டாமென்று நினைத்திருக்கிறாள்.

நான் துண்டை எடுத்து மடித்து ஓரமாக வைத்தேன். அன்று வேறு எதையும் விளையாடவில்லை. அவள் கால்களுக்கு எண்ணெய் தடவிவிட்டேன். அவள் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். மத்தியானம் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டேன். பாட்டில்களைக் கொதிக்கவைத்தேன். அவள் தூங்கினால் செய்யலாம் என்று வைத்திருந்த வேலை எதையும் தொடுவதற்குள் எழுந்துவிட்டாள். எனக்குத் தலை வாரிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை.

மூன்று மணி வெயில் ஹாலில் விழுந்திருந்தபோது குழலி தவழ்ந்து போய் துண்டைப் பிரித்தாள். அதைத் தன் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். துண்டுக்குள்ளிருந்து "தா" என்றாள். துண்டு தட்டையாகத் தரையில் விழுந்தது.

இனி நான் சிரித்தால்தான் அவள் வருவாள்.

வாசலில் நின்ற மரகதக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "சிரிச்சுராதீங்க தம்பி. இப்பத்தான போயிருக்கா. தவழ்ந்தில்ல போகோணும், கட்டிலு கடைசில இருக்குது."

நான் சிரிக்காமல் உட்கார்ந்தேன். அது அவ்வளவு கஷ்டமாக இருக்காது என்று நினைத்தேன். வீட்டில் அத்தனை அமைதியை நான் கேட்டதே இல்லை. தம்ளர்கள் அப்படியே அடுக்கியபடி நின்றன. ஆனால் கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு மாடியில் மரகதக்காவின் கணவர் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ உள்ளே இறங்கி, தொட்டியோடு சேர்ந்து மெதுவாக உருள ஆரம்பித்தார். "ஏ மரகதம்" என்று தொட்டி கூப்பிட்டது. மரகதக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். நான் உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டேன். பிறகு ஒரு ஆடு எங்கள் கொடியில் காய்ந்த குழலியின் தொப்பியைக் கொம்பில் மாட்டிக்கொண்டு ஹாலுக்குள் வந்தது. என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டு, அவள் எவ்வளவு தூரம் போயிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டிலாகப் பிடித்து நிற்பாள். புல்லில் எதையாவது எடுத்து வாயில் வைப்பாள். எடுத்துவிட யாராவது இருப்பார்கள்.

வெயில் சுவரேறி மங்கிய நேரத்தில் துண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. யாரோ யார் வயிற்றிலோ வாயை வைத்து ஊதினார்கள். தொடர்ந்து குழலியின் சிரிப்பு. கூடவே இன்னொரு சிரிப்பு. கல்யாணமான புதிதில் பழனிக்குப் போன பஸ்ஸில் நான் கேட்ட சிரிப்பு அது. அதற்குப் பிறகு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சிரித்துவிட்டேன்.

ஹேமா குழலியை இடுப்பில் வைத்துக்கொண்டு பாயின் மேல் நின்றாள். கன்னத்தில் கயிற்றுக் கட்டிலின் தடம் பதிந்திருந்தது.

"எதுக்குங்க சிரிச்சீங்க?"

"உன்ற சிரிப்பக் கேட்டு."

அவள் உட்கார்ந்தாள். என் தலையைப் பார்த்தாள், சட்டையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தாள். "இவ எல்லாத்தையும் எழுப்பி உட்டுட்டாளுங்க. கட்டிலு கட்டிலாப் போய் மூஞ்சியத் தொட்டுத் தொட்டுச் சிரிச்சா. ஒருத்தரு பாக்கியில்ல." குழலி அவள் தோளில் சாய்ந்து தூங்கத் தொடங்கியிருந்தாள். "என்னைய மட்டும் கடைசியாத்தான் எழுப்புனா. பக்கத்துல படுத்துக் கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்திருக்கா."

"இன்னும் தூங்கோணுமா?"

"தூங்கோணும்" என்றாள். பாயைத் தட்டிக் காட்டி, "இங்கயே" என்றாள்.

நான் குழலியை வாங்கிக்கொண்டு பாயில் தலையணை போட்டேன். தெருவில் ஒவ்வொரு வீடாகக் கதவு தட்டும் சத்தமும், "இந்நேரம் வரைக்கும் எங்க போயிருந்தீங்க?" என்ற குரல்களும், தட்டு வைக்கிற ஓசையும் கேட்டுக்கொண்டிருந்தன. ஹேமா எதற்கும் எழவில்லை.

மறுநாள் காலை நான் குழலியைத் தூக்கிக்கொண்டு பால் வாங்க வெளியே வந்தபோது மேற்கே மலையைக் காணவில்லை. மேகத்தை இழுத்து முகத்தை மூடியிருக்கிறது. மேகம் தட்டையாகக் காட்டின் மேல் கிடந்தது. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஏற்கெனவே குழந்தைகளுக்குக் குல்லாய் மாட்டி, தெருக்கோடியில் மேற்கே பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். நானும் போய் நின்றேன். மரகதக்கா எனக்கு இடம் விட்டார். ஏதோ ஒரு வீட்டுக் குழந்தை முதலில் சிரித்தது, பிறகு எல்லாம் சிரித்தன. மலை திரும்பி வந்தது. சற்றுத் தெற்கே தள்ளி வந்து நின்றது. மூணாறு போகிற முதல் பஸ்ஸின் டிரைவர் கீழே இறங்கி, மலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஏறி உட்கார்ந்து வண்டியை இடதுபக்கம் திருப்பினார்.