வெனேரா கோயிலின் ஒற்றன்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோயில்பிள்ளை சவேரியோ கதவைத் திறந்து உள்ளே போனார். புனித வெனேரா கோயிலின் வலப்பக்கத் தூணில் ஒட்டியிருந்த கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது.

விரல் நீளத் துண்டுதான். தூணில் விழுந்த விரிசலுக்குக் குறுக்கே அதை வைத்து, இரண்டு முனையிலும் ஜிப்சம் குழைத்து அப்பி, ஒட்டிய தேதியை ஈரத்திலேயே கீறிவிடுவார்கள். கல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி போய்விடும். பியத்ராமேலே ஊரில் அதற்கு ஒற்றன் என்று பேர். பதினான்கு வருடம் வாயைத் திறக்காமல் இருந்த ஒற்றன், திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போதா பேச வேண்டும்?

தூணின் லட்சணம் சவேரியோவுக்குத் தெரியாததல்ல. பெரிய பூகம்பத்தில் பழைய கோயில் விழுந்தபோது, அந்த இடிபாட்டையே தூண்களின் வயிற்றில் கொட்டி, வெளியே தேன்நிறக் கல்லைச் செதுக்கி மூடிவிட்டார்கள் முன்னோர்கள். கொண்டையிலே தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும். அதுவும் போதாதென்று எழுபது வருடத்துக்கு முன்னால் மரக்கூரையைப் பிரித்துவிட்டு மேலே கான்கிரீட்டை ஏற்றினார்கள் அடுத்து வந்த புத்திசாலிகள்.

சொன்னால் பூட்டிவிடுவார்கள். மேல்தெரு பியாஜோ கோயிலை மூன்றே வாரம் என்று சொல்லிப் பூட்டினார்கள். பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. இப்போது அங்கே பூசைக்கு வருவது புறாக்கள்தான். வெனேரா கோயிலுக்கும் அந்தக் கதி வந்தால், இந்தச் சாவியைத் தவிர தனக்கு என்ன இருக்கிறது என்று சவேரியோ நினைத்தார். முப்பத்தொரு வருடமாக இடுப்பில் தொங்குகிற சாவி அது.

திருவிழாவுக்கு அனுமதி தர மறுநாள் எஞ்சினியர் வருகிறார். சவேரியோ வீட்டுக்குப் போய்த் தன் கல்யாணப் படத்தின் கண்ணாடியைக் கழற்றி, ஒரு துண்டு வெட்டிக்கொண்டார். உடைந்ததைப் பெயர்த்துத் தீப்பெட்டியில் போட்டார். புதிய ஜிப்சத்தில் பழைய தேதியைக் கீறினார். வெள்ளை வெளேரென்று இருந்ததே என்று காப்பியைத் தொட்டுத் தொட்டுத் தடவினார். அது திட்டுத்திட்டாகப் பிடித்தது. பொய் சொல்வதற்கும் பழக்கம் வேண்டியிருக்கிறது.

மறுநாள் வந்த எஞ்சினியர் ஒர்னெல்லா அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தூணையே பார்த்தார். சவேரியோ சாவியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"ஒற்றன் நல்லாத் தூங்கறான் போல இருக்கே?"

"ஆமாங்கம்மா. ஒரு தொந்தரவும் இல்ல."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். ஆபத்து நீங்கியது என்று சவேரியோவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. அன்று இரவும் மறுநாள் இரவும் கண்ணை மூடினால் தூண்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி நுன்ஸியா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, நம்ம படத்துக்குக் கண்ணாடி எங்க?"

"கீழ விழுந்து ஒடஞ்சிருச்சு."

"விழுந்தா சில்லு கெடக்கணுமே. நேத்து நான்தானே பெருக்கினேன்?"

அவர் சட்டைப் பொத்தானைப் போடுவதில் மும்முரமானார். பிறகு மெதுவாக, "இன்னிக்குக் கதவுப் பக்கமா உக்காரேன் நுன்ஸியா. காத்து வரும்," என்றார்.

"மூணாவது பெஞ்சு எங்கம்மா உக்காந்த எடம். முப்பது வருஷமா இல்லாத காத்து இன்னிக்கு எங்கருந்து வருது?" அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "கதவுப் பக்கம் எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

சவேரியோ சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டார். தன் பெண்டாட்டியை நகர்த்தி வைக்க நினைத்தவன் ஊரை மட்டும் தூணுக்கடியில் உட்கார வைக்கிறானே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தும் போய்க் கோயிலைத் திறந்தார். நுன்ஸியா அந்தத் தூணை ஒட்டிய மூன்றாவது பெஞ்சிலேயே உட்கார்ந்தாள், வேண்டுமென்றே.

எள் போட்டால் எள் விழாது, அவ்வளவு கூட்டம். கஸ்பாரே சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்தார் என்றால் குழந்தைகள் வளர்ந்துவிடும். சவேரியோ கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆர்கன் வாசித்தால் பயம், யாராவது தும்மினால் பயம். பகல் பன்னிரண்டுக்கு வெனேரா அம்மாவின் சப்பரம் வாசலைத் தாண்டும்போது கோபுரத்தின் ஐந்து மணிகளும் சேர்ந்து ஆடும். அதுவரை தாங்கினால் போதும் தாயே என்று வேண்டிக்கொண்டார்.

பதினொன்று இருபதுக்குச் சத்தம் கேட்டது. காய்ந்த பாஸ்தாவை ஒடிக்கிற சத்தம். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. கல்யாணப் படத்துக் கண்ணாடியில் குறுக்கே கோடு விழுந்திருந்தது.

கத்தலாம். கத்தினால் நானூறு பேர் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு மிதிபடுவார்கள். அம்மா வெளியே போனால் மட்டும் இந்த ஊர் தானாக எழுந்து, வரிசையாக, பாடிக்கொண்டு பின்னால் போகும். அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மணி ஆடினால் தூணும் ஆடும் என்று, மணியை ஆட்டும் மோட்டாரின் பியூஸை முதலில் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு வாசலருகே சப்பரத்தோடு நின்ற வன்னியிடம் ஓடினார். சப்பரம் தூக்கும் இருபத்துநாலு பேருக்கும் வன்னிதான் தலைவன்.

"தூக்குடா!"

"என்னண்ணே, காலையிலேயே ஊத்திக்கிட்டியா? இன்னும் நாப்பது நிமிஷம் கெடக்கு. சாமியார் வேற பேசிட்டு இருக்காரு."

"சாமியார் பேசட்டும். உன் புள்ள குட்டி மேல ஆணை, தூக்கு!"

அந்த முகத்தைப் பார்த்ததும் வன்னி தண்டுக்குத் தோள் கொடுத்தான். சப்பரம் எழுந்தது. "வெனேரா அம்மா வாழ்க!" என்று சவேரியோ தொண்டை கிழியக் கத்தினார். தலைகள் திரும்பின. அப்புறம் ஊரே "வாழ்க!" என்று எழுந்துவிட்டது. அம்மாவின் சுரூபம் அசைந்து அசைந்து வெயிலுக்குப் போக, பெஞ்சு பெஞ்சாக ஜனம் பின்னால் நகர்ந்தது. பிரசங்க மேடையில் சாமியார் திறந்த வாயோடு நின்றார். கடைசியாக வந்த நுன்ஸியா, தூணை ஒரு தடவை பார்த்தாள், புருஷனை ஒரு தடவை பார்த்தாள். சாமியாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சவேரியோ வெளியே வந்து கதவைப் பூட்டினார். எஞ்சினியருக்குத் தானே போன் செய்தார்.

ஒர்னெல்லா ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். உடைந்த பழைய ஒற்றன் கிடந்த தீப்பெட்டியைச் சவேரியோ நீட்டினார்.

"காப்பி வாசனை அடிச்சுது. நீங்க குடிச்சதுன்னு நெனச்சேன்," என்றார் அவர். கோபத்தில் குரல் இறங்கியிருந்தது. "வியாழக்கிழமையே சொல்லியிருந்தா, முட்டுக் குடுத்து நிறுத்திட்டு, இடப்பக்கம் மட்டும் தெறந்து வெச்சிருப்பேன். இப்ப கோயிலுக்குள்ள முட்டுக் கம்பி கொண்டு போகவே ஆளு யோசிப்பான்."

"எத்தன நாளைக்குப் பூட்டுவீங்க?"

"மூணு வாரம்னு எழுதறேன்," என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்தார். சவேரியோ இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். விரல்கள் அதை லேசில் விடவில்லை.

ஊர்வலம் சாயங்காலம் திரும்பி வந்தபோது கதவில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. ஊரைச் சுற்றி வந்த அம்மாவுக்குப் போக இடமில்லை. வன்னி சட்டையைப் பிடிக்காத குறை.

"என்னிக்கும் பன்னெண்டுக்கு வர்றவள பதினொண்ணு இருபதுக்கு வெளிய தள்ளின. இப்ப உள்ளயே விடமாட்டேங்கற. ஒரு கல்லாவது விழுந்துதா? சொல்லு, ஒரே ஒரு கல்லு!"

விழவில்லை. விழுந்திருந்தால் ஊர் அவரைத் தோளில் தூக்கியிருக்கும். விழாத கல்லுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

"எங்க கராஜுக்குக் கொண்டு வாங்க," என்றாள் நுன்ஸியா. பழைய ஃபியட்டைத் தெருவில் தள்ளிவிட்டு, எண்ணெய்க் கறைமேல் தன் கல்யாணக் கம்பளத்தை விரித்தாள். தலையில் கிரீடம் இடிக்காமல் சுரூபத்தை உள்ளே வைப்பதற்குள் இருபத்துநாலு பேருக்கும் மூச்சு வாங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலையிலிருந்து ஜனம் மெழுகுவர்த்தியோடு வந்தது. அம்மாவிடம் பேசினார்கள், நுன்ஸியாவிடம் பேசினார்கள். சவேரியோவைத் தாண்டிப் போனார்கள்.

கூட்டம் குறைந்ததும் அவர் கராஜின் பின்சுவரைத் தடவிப் பார்த்தார். சுரூபத்தின் தோளுக்கு நேராக ஒரு கீறல் ஓடியது.

"அது நீங்க பொறக்கறதுக்கு முன்னாலருந்தே இருக்குங்க," என்றாள் நுன்ஸியா.

"இருக்கட்டும்."

கல்யாணப் படத்துக் கண்ணாடியில் இன்னும் ஒரு துண்டு வெட்ட மிச்சமிருந்தது. ஜிப்சத்தைக் குழைத்து, கீறலுக்குக் குறுக்கே ஒட்டினார். ஆணியை எடுத்து ஈரத்தில் தேதியைக் கீறினார், அன்றைய தேதியை.