உடல் ஆரஞ்சு, முந்தி மயில்கழுத்து

யாரோ மாலை கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் தில்லையம்மாள் கையை நீட்டினாள். வந்தது கூரியர் பார்சல். திருஞானசம்பந்தம் என்று அவள் புருஷன் பெயர் போட்டிருந்தது. அவரோ கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திப் பிரித்தாள். ஆப்பிரிக்கப் பறவைகள், மிருகங்கள் என்று தடித்தடியான படப் புத்தகங்கள். எல்லாவற்றிலும் இரண்டிரண்டு பிரதி. நைரோபியில் வேலை பார்க்கும் மகன் விக்னேஷ் இருவரையும்தான் வரச் சொல்லியிருந்தான். சிங்கத்தைப் பார்க்க நான் வரவில்லை என்று அவள் அன்றே கறாராகச் சொல்லிவிட்டாள். போகப்போவது ஒருவர். புத்தகம் எதற்கு இரண்டு?

எதற்கென்று அவளுக்குத் தெரியாதா என்ன? திங்கட்கிழமை துவைக்க எடுத்த சட்டைப் பையில் கிடைத்த சீட்டு இன்னும் அவள் இடுப்பில்தான் இருந்தது. தலைப்பில் ‘ஜெயப்ரியா கேட்டது’. கீழே, ‘உடல் ஆரஞ்சு, முந்தி மயில்கழுத்து, நடுவில் வெள்ளைக் கோடு. உடல் கத்திரிப்பூ, கரை வான்நீலம்.’ முப்பத்தெட்டு வருஷம் அவர் பக்கத்தில் தறியில் உட்கார்ந்து கரைக்கு நாடா போட்டு நெய்தவளுக்கு இது புரியாதா? நூலகத்தில் வேலை பார்க்கிறாளே ஜெயப்ரியா, அவளுக்குப் பட்டுச்சேலை நெய்யப் போகிறார். இப்போது ஊர்சுற்றப் புத்தகமும் ஜோடியாக வந்திறங்கியிருக்கிறது.

திங்கட்கிழமையே பேச்சை நிறுத்திவிட்டாள். “இன்னா ஆச்சு உனக்கு?” என்று நாலு நாள் கேட்டுப் பார்த்தார். டீயை எதிரில் நக்கென்று வைத்துவிட்டுப் போனாளே தவிர வாய் திறக்கவில்லை. நேற்று விடிகாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தறியிலேயே சாய்ந்துவிட்டார்.

ஜெயப்ரியா மாலையோடு வந்தாள். அவள் எவ்வளவு அழுகிறாள் என்பதைக்கூட தில்லையம்மாள் கவனித்தாள். பிறகு கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள்.

“எந்தப் பொடவைம்மா கேட்ட அவர?”

“பொடவையா? நான் எதுவும் கேக்கலியேம்மா.”

சீட்டை எடுத்து நீட்டினாள். ஜெயப்ரியா படித்தாள். ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டி, ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். ஆரஞ்சு வயிறு, நீல முதுகு, இரண்டுக்கும் நடுவில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு பறவை.

“புக்கு வரவழைச்சுத் தரச் சொன்னாரு. நெறைய இருக்குது, எந்தெந்தப் பறவை வேணும்னு எழுதிக்கினு வாங்கன்னு நான்தாம்மா கேட்டேன். பேரு தெரியாம இப்படி எழுதிக்கினு வந்தாரு. போட்டோல கலரு ஏமாத்தும், வரைஞ்ச படம்தான் வேணும்னு ரெண்டு புக்க திருப்பி அனுப்பிட்டாரு.”

“அவருக்கு எப்படித் தெரியும் இந்தப் பறவைங்கள?”

“டிவில பாத்துட்டு நல்லாருக்குதுன்னு நீங்க சொன்னதாமே.”

“ரெண்டு ரெண்டு எதுக்கு?”

“ஒண்ணு உங்களுக்கு. படத்தப் பாத்தா கெளம்பிடுவா, ஒரே புக்குன்னா எனக்குத் தரமாட்டாளேன்னு சிரிச்சாரும்மா.”

தில்லையம்மாள் அப்போதும் நம்பவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாவது வரியைத் தானே தேடினாள். இது பொய்யாக இருந்தால் தேவலை என்று அடித்துக்கொண்டது மனசு. நாற்பது பக்கம் தள்ளி, கத்திரிப்பூ நெஞ்சும் வான்நீலச் சிறகுமாக அது ஒரு கிளையில் உட்கார்ந்திருந்தது.

“அம்மா, குளிப்பாட்டணும். எல்லாரும் நிக்கறாங்க” என்று காலையில் வந்து சேர்ந்திருந்த விக்னேஷ் கதவைத் தட்டினான்.

வாசலில் பெஞ்சின்மேல் அவரைக் கிடத்தியிருந்தார்கள். யாரோ சொம்பை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் குனிந்து அவர் காதருகே போனாள்.

“கொஞ்சம் சில்லுனு இருக்கும். பொறுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு ஊற்றினாள்.