ஒட்டாத பேப்பர்

முதல் அறை விழுந்தபோது மெக்கானிக் யாக்கோபு பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தான். ஏதோ டயர் வெடித்துவிட்டது என்றே நினைத்தான். நிமிர்ந்து பார்த்தால், டிரைவர் பகலவன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஷெட்டின் தகரத்தில் சாய்ந்து நிற்கிறான். எதிரே கார் முதலாளி தளவாய் கையை உதறிக்கொண்டிருந்தான்.

"ஏசியப் போட்டுட்டு வண்டிக்குள்ள தூங்கிட்டுக் கெடந்திருக்க. ஊசி மேல போனது தெரியல. அவ்ளோ பெரிய ஆபீசர நடுரோட்டுல நிக்க வச்சிட்டியேலே, மூதேவி!"

"தூங்கல சார். ஒரகடம் சிக்னல்ல ஊசி ஏற சொல்லவே ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டேன். சத்தியமா சார்."

இரண்டாவது அறை அதே கன்னத்தில் விழுந்தது.

தளவாய் தெற்கேயிருந்து வந்து, வல்லக்கோட்டை ரோட்டில் ஏழு கார் விட்டு, தொழிற்சாலை ஆபீசர்களை ஏற்றி இறக்குகிறவன். கோபம் வந்தால் அவனுக்கு ஆள் தெரியாது என்பார்கள். சுத்தப் பொய். காலையில் அந்த ஆபீசர் போனில் வாய்க்கு வந்தபடி திட்டியபோது, எதிரில் ஆளே இல்லாமல் இடுப்பை வளைத்து, "சரிங்க சார், சரிங்க சார்" என்றவன் இவன்தான். யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்பது அவன் கோபத்துக்கு நன்றாகவே தெரியும்.

"யாக்கோபு, எதனால கொதிச்சிச்சின்னு பாத்துச் சொல்லும்வே. இவன் தப்பு மட்டும் இருந்திச்சி, இந்தக் கையால இனிமே இவன் ஸ்டீரிங்கப் பிடிக்க மாட்டான்."

பகலவன் யாக்கோபைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் மண்ணூர்தான். பகலவன் சைக்கிள் ஓட்டிய காலத்திலிருந்தே அவனை அண்ணா என்று கூப்பிடுகிறவன். 'நீ கண்டுபிடிச்சிடுவணா' என்று அந்தப் பார்வை சொன்னது.

யாக்கோபு பார்த்தான். தண்ணீர் சரியாக இருந்தது. ஒழுகல் இல்லை. ஏசி இல்லாமல் இஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டான். சூடு காட்டும் ஊசி பாதியிலேயே நின்றது. ஏசியைப் போட்டான். ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டாவது ஃபேனும் சுற்ற ஆரம்பித்தது. ஐந்தே நிமிஷத்தில் ஊசி மேலே ஏறியது.

பழைய தினசரியில் ஒரு தாளைக் கிழித்து முன்பக்கக் கிரில்லில் வைத்தான். வலது பக்கம் தாள் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. ஃபேன் காற்றை உள்ளே இழுத்தால் அப்படித்தான் ஒட்டும். இடது பக்கம், ஏசி ஃபேனுக்கு நேராக வைத்தான். தாள் பறந்து வந்து அவன் முகத்திலேயே அடித்தது. கூடவே அனல் காற்று.

அந்த ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. இழுக்க வேண்டிய காற்றை வெளியே தள்ளுகிறது.

போன செவ்வாய்க்கிழமை அந்த ஃபேனை மாட்டியதே யாக்கோபுதான். பழசு எரிந்துபோய், புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடையில் வாங்கி வந்ததன் சாக்கெட் பொருந்தாமல், ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றினான். இரண்டு ஒயரும் இடம் மாறிவிட்டன. சாப்பாட்டு அவசரத்தில் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தான். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை.

"என்னவே, தெரிஞ்சிச்சா?"

"இன்னும் பாக்கணும் சார்," என்றான் யாக்கோபு.

பாவி. உண்மையைச் சொல்ல நாலு வார்த்தை போதும். ஆனால் தளவாயின் ஏழு காரும் இந்த ஷெட்டுக்குத்தான் வருகின்றன. அந்தக் கையின் கனத்தையும் இப்போதுதான் பார்த்திருக்கிறான். சத்தமில்லாமல் ஒயரை மாற்றிவிட்டு, கனெக்‌ஷன் லூஸ் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஒரு நிமிஷ வேலை. இஞ்சினை அணைத்துவிட்டு டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தான்.

அந்த ஒரு நிமிஷம் தளவாய்க்குப் பொறுக்கவில்லை. பகலவனின் மூக்கில் குத்தினான். சட்டையெல்லாம் ரத்தம். தலைமுடியைப் பிடித்துக் கார்ப் பக்கம் இழுத்து வந்து, அவன் வலது கையைக் கதவு இடுக்கில் அழுத்தி வைத்தான்.

"உண்மையச் சொல்லுலே. தூங்குனியா?"

"இல்ல சார்... யாக்கோபுணா, சொல்லுணா!"

தளவாய் கதவை ஓங்கிச் சாத்தினான்.

அந்த அலறலில் யாக்கோபின் கையிலிருந்த ஒயர் நழுவியது. "வுடு சார், அவன வுடு! தப்பு என்னுது. ஃபேன் ஒயர மாத்திக் குடுத்தது நான்தான். அவன் மேல ஒண்ணுமே இல்ல சார்!"

தளவாய் கதவைத் திறந்தான். பகலவனின் நடு விரல்கள் இரண்டும் வளையக் கூடாத பக்கம் வளைந்திருந்தன. தளவாய் அதை ஒரு கணம் பார்த்தான். மன்னிப்பாவது மண்ணாவது. தரையில் கிடந்த வீல் ஸ்பானரை எடுத்து யாக்கோபின் தோளில் இறக்கினான். எலும்பு நொறுங்கும் சத்தத்தோடு யாக்கோபு மண்டியிட்டு விழுந்தான்.

"இந்தாலே," என்று ஸ்பானரைப் பகலவனின் இடது கையில் திணித்தான் தளவாய். "ஒன் கைய ஒடச்சது இந்தப் பயதான். மிச்சத்த நீயே குடு."

கதவைச் சாத்தியது யார் என்பது எவ்வளவு லேசாக மாறிப்போய்விட்டது!

பகலவன் ஸ்பானரோடு தளவாயைப் பார்த்தான். தளவாய் நகரக்கூட இல்லை. தன்னை அடிக்க மாட்டான் என்று அவனுக்குத் தெரியும். பகலவன் திரும்பி யாக்கோபின் முன்னால் வந்து நின்றான். மூக்கிலிருந்து இன்னும் ரத்தம் சொட்டியது.

"எப்பணா தெரிஞ்சுது உனுக்கு?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். யாக்கோபுக்கு இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பேப்பர் பறக்க சொல்லவே."

"அப்போ என் கை நல்லா இருந்துச்சேணா," என்றான் பகலவன். அழுதுகொண்டே ஸ்பானரை ஓங்கினான்.

யாக்கோபு தடுக்க நல்ல கையைக்கூடத் தூக்கவில்லை.