லுநள, ழே

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதையே அல்ல, கட்டுரை. ஒரே கணினியில் குடியிருக்கும் மென்பொருள்கள் எப்படிப் பண்போடு நடந்துகொள்ள வேண்டும் என்பது பொருள். கேட்காமல் எதையும் மாற்றாதே. மாற்றினால், போகும்போது பழையபடி வைத்துவிட்டுப் போ. இரண்டு விதி எழுதியதும் ஜசிந்தா வந்து உட்கார்ந்துவிட்டாள். கட்டுரை போயிற்று.

2

2004. சரவணை வாசிகசாலைக்குப் பின்னால் கடல்...

(வேண்டாம். கடலை உள்ளே விட்டால் கதையை விழுங்கிவிடும்.)

2004. சரவணை வாசிகசாலையின் ஒரே கணினியில் ஊராருக்குக் கடிதம் தட்டிக் கொடுப்பவள் ஜசிந்தா. இன்று தட்டுவது தன் கடிதம். நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கும் கிறிஸ்தோப்பர் அவளைக் கலியாணம் கட்டக் கேட்டிருந்தான், பிளொப்பி வட்டில் அனுப்பிய கடிதத்தில். பதிலும் பிளொப்பியில்தான் போக வேண்டும். காலையில் ‘ஏலாது’ என்று எழுதிச் சேமித்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்வந்து, அதை அழித்து ‘ஓம்’ என்று சம்மதம் எழுதினாள்.

3

கடிதத்தை மூடப் போனாள். மாற்றியதைச் சேமிக்கவா என்று கேட்கும் பெட்டி வந்தது. பொத்தான்களில் இருந்தவை: ழே. லுநள.

“பரிமளமக்கா, இதுக்கு என்ன செய்தனீங்கள்?”

வாசிகசாலைப் பொறுப்பாளர் பரிமளம் நிமிர்ந்து பார்த்தார். “நான் ஒண்டும் செய்யேல்லை. மத்தியானம் பஞ்சாங்கம் மட்டும்தான் போட்டனான்.”

அந்தப் பஞ்சாங்க மென்பொருள் தன் எழுத்துருவைக் கணினி முழுவதற்கும் பூசியிருந்தது. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உடுப்புப் போடும் அந்தக் காலத்து எழுத்துரு. தமிழில் தட்டிய கடிதம் சரியாக இருக்கும். ஆங்கிலப் பொத்தான்கள் உளறும். ராசிபலன் சொல்ல வந்த விருந்தாளி வீட்டுக்காரரின் பேச்சையே மாற்றிவிட்டது.

“பிள்ளை, பஸ் வரப்போகுது.” வாசலில் நின்ற பஸ்ரியாம்பிள்ளைதான் பிளொப்பியை நெடுந்தீவுக்குக் கொண்டுபோகிறவர். “இதை விட்டால் வள்ளமும் இல்லை. கெதியாத் தாரும்.”

பிழையான பொத்தானை அமத்தினால் ‘ஓம்’ அழிந்து, காலையில் சேமித்த ‘ஏலாது’தான் போய்ச் சேரும். கிறிஸ்தோப்பர் இரண்டாம் முறை கேட்கிற ஆள் இல்லை.

4

(‘யெஸ்’ எப்போதும் இடப்பக்கம்தானே என்று கணினி தெரிந்த வாசகர் கேட்பார். உண்மைதான். வரிசையை மாற்றியது பஞ்சாங்கம் அல்ல, நான். கதைக்குக் கொஞ்சம் பதற்றம் வேண்டியிருந்தது. முதல் வரைவில் அவளை ‘ஏலாது’ என்று எழுதவைத்ததும், அடுத்ததில் ‘ஓம்’ ஆக்கியதும் நான்தான். ஒருமுறையாவது அவளைக் கேட்டேனா? விதி எழுதிய அதே கை. வெட்கமாக இருக்கிறது.)

5

முடிவு ஒன்று: மின்சாரம் நிற்கிறது. சீ.

முடிவு இரண்டு: கிறிஸ்தோப்பரே பஸ்ஸிலிருந்து இறங்கி...

ஜசிந்தா என்னை நம்பி இருக்கவில்லை. கண்ணை மூடி விரல்களை விசைப்பலகையில் வைத்தாள். ஊரின் கடிதமெல்லாம் தட்டிய விரல்கள். ‘லு’ என்று நினைத்தாள். விரல் போய் நின்ற விசையில் இருந்த ஆங்கில எழுத்தைக் கண்திறந்து பார்த்தாள். வை. ‘ந’ என்றதும் ஈ. ‘ள’ என்றதும் எஸ்.

“யெஸ் எண்டதைத்தானக்கா இது லுநள எண்டு சொல்லுது!” சிரிப்பு அடக்க ஏலவில்லை அவளுக்கு.

“அப்ப அமத்துமன்.”

அவள் உடனே அமத்தவில்லை. கிறிஸ்தோப்பர் கேட்ட கேள்வி இப்போதுதான் உண்மையாக அவளிடம் வந்திருக்கிறது.

6

பொத்தான்களைப் பழைய வரிசையில் வைத்துவிட்டேன். ‘ஓம்’, ‘ஏலாது’ இரண்டையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். அவள் கை எங்கே போகிறது என்று பார்க்காமல் வெளியே வருகிறேன். பஸ் சத்தம் கேட்கிறது. நீங்கள் வேண்டுமானால் இருந்து பாருங்கள். எழும்பிப் போகும்போது மட்டும், கதிரையை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.