வாய் ராவிய துவக்கு

பிணத்தின் தாடையைக் கட்டிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு பாதியில் கையை எடுத்துவிட்டாள். "அந்தக் கருமத்த மொதல்ல வெளிய வைங்கடி. உள்ள மருந்து கெட்டிச்சு இருக்காம்ல!"

லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராக்காரி அவள். எழவு வீட்டிலும் அதிகாரம் பண்ணாமல் இருக்க மாட்டாள். காம்பரா மூலையில் நல்லமுத்துவின் துவக்கு சாய்ந்திருந்தது. தேயிலைத் தோட்டத்தில் பன்றி விரட்டும் காவலுக்கென்று லைசென்ஸ் எடுத்த துவக்கு. குழலின் வாய்வழியாக மருந்தையும் ஈயக்குண்டையும் போட்டுக் கம்பியால் இடிக்கும் பழைய சாதி. நேற்று சாயங்காலம் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மேல்மலைக் காவல் குடிசைக்குப் போன மனிதர், அங்கே உட்கார்ந்தபடியே செத்துப்போனார். நெஞ்சுவலி என்றார் டாக்டர். ஒரு வெடிகூட வைத்திருக்கவில்லை.

காளியாயி புருஷன் தலைமாட்டிலிருந்து எழுந்து, தானே துவக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. லயத்துப் பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் போலீஸ் சார்ஜன் நின்றிருந்தார். லைசென்ஸ்காரர் செத்துவிட்டால் துவக்கு ஸ்டேசனுக்குப் போயாக வேண்டும். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"ஐயோ அம்மே, வெடி இருக்கிற துவக்கு த்ரீவீல்ல எப்பிடிக் கொண்டு போற? காலி பண்ணித் தாங்க. நான் இருக்கிறேன்."

"எந் தம்பி வந்துக்கிட்டு இருக்கான். அவன் எறக்கித் தருவான், ஐயா."

அவள் வாசற்படியில் துவக்கை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அதைக் கெட்டித்தது அவள்தான். பாக்டரி ரோலரில் நல்லமுத்துவின் இடக்கையில் இரண்டு விரல் போய்விட்டது. அதற்கப்புறம்தான் காவல் வேலை கிடைத்தது. இருக்கிற விரலால் துணித்துண்டையும் குண்டையும் சேர்த்துக் குழல்வாயில் பிடிக்க அவருக்கு வராது. அதனால் தினமும் பொழுது சாயும்போது அவள் கெட்டிப்பாள், அவர் துவக்கை ஆடாமல் பிடித்துக்கொள்வார். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான்.

காவலுக்கு வந்த புதிதில் நன்றாகத்தான் சுட்டார். லயமே பன்றிக் கறி தின்றது. அப்புறம் என்ன கேடு வந்ததோ, பத்து வருஷமாக ஒரு பன்றிகூட விழவில்லை. 'பன்னிக்கு மச்சான்' என்று பேர் வைத்தார்கள். அவர் சிரித்துக்கொள்வார். நேற்றுக்கூட அவளே, "போங்க போங்க, ஒங்க மச்சான் வழி பாத்துக்கிட்டு இருப்பாரு" என்றுதான் அனுப்பினாள். அதுதான் கடைசிப் பேச்சு.

காலையிலிருந்து அவளை ஒரு பயம் பிடித்து உலுக்கியது. குறி தப்பியது எதனால்? கண் போயிருந்ததா? நெஞ்சு அப்போதே கெட்டுப்போய், கை நடுங்கி, வேலை போய்விடும் என்று மறைத்தாரா? சீக்காளி மனிதனைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு கேலி பேசிக்கொண்டா இருந்தாள்? துவக்கு போவதற்குள் இதைத் தெரிந்துகொண்டாக வேண்டும். தெரியாவிட்டால் மிச்ச நாளெல்லாம் இந்தக் காம்பராவில் தனியாக எப்படிப் படுப்பது?

நோர்வூட்டிலிருந்து தம்பி ஜீவராஜ் வந்து சேர்ந்தான். அவனும் ஒரு தோட்டத்தில் காவல்காரன்தான். மச்சான் காலைத் தொட்டுக் கும்பிட்டு அழுதுவிட்டு வெளியே வந்தான்.

"தம்பி, மச்சானுக்குக் கண்ணு தெரியாம இருந்துச்சாடா? ஒங்கிட்டயாச்சும் சொன்னாரா?"

"இரு அக்கா, மொதல்ல இத எறக்குறேன்."

துவக்கின் வெடிக் கேப்பைக் கழற்றினான். திருகு வைத்த கம்பியைக் குழலுக்குள் விட்டுச் சுற்றி, காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். குண்டு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவன் மல்லாக்க விழப் பார்த்தான்.

"என்னாக்கா இது, வெண்ணெயில வச்ச மாதிரி வருது!"

மருந்தைக் கொட்டிவிட்டுக் குழல்வாயை வெளிச்சத்தில் பிடித்து, விரலைவிட்டுச் சுற்றித் தடவினான். முகம் மாறியது.

"கண்ணுக்கு ஒண்ணுமில்லக்கா. போன தீவாளிக்கு என் துவக்குல தகர டின்ன வரிசையா அடிச்சாரே. இதோட வாய்தான் கெட்டுக் கெடக்கு. யாரோ அரம் போட்டு ராவி விரிச்சிருக்காங்க."

"விரிச்சா என்னா?"

"விரிச்சா குண்டு லேசா எறங்கும். அது தப்பில்ல. ஆனா சுத்திவர ஒரே மாதிரி இருக்கணும். இங்க எடது பக்கம் கூடுதலா தேஞ்சிருக்கு பாரு. வெடிக்கிறப்ப காத்து இந்தப் பக்கமா மொதல்ல பிச்சுக்கிட்டு வந்து, குண்ட ஒரு தள்ளுத் தள்ளிரும். எவ்ளோ நேரா புடிச்சாலும் பன்னிக்கு அங்கிட்டுத்தான் போவும். பட்டறக்காரன் இப்பிடிப் பண்ணமாட்டான். இது வெரலு இல்லாத கை ராவுனது, அக்கா."

காளியாயி குழல்வாயில் கட்டைவிரலை வைத்துத் தடவினாள்.

"குறி தப்புதுன்னப்ப, துவக்கப் பாக்காமயே நான் சொன்னேன், வாயக் கொஞ்சம் வெட்டி நேராக்குவோம் மச்சான்னு. 'வேணாம்ப்பா, இறுகிப்போகும்'னாரு. இறுகுனா ஒங்களுக்கென்ன, இடிக்கிறது அக்காதானேன்னு சிரிச்சேன். அவரு சிரிக்கல."

பன்றி விழாமல் போன அந்த முதல் வருஷ மழையில்தான் கொழுந்துக்கூடையோடு சறுக்கி விழுந்து அவள் வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடியும், இறுகின குண்டை வாயில் வைத்து அழுத்த முடியாமல் தினமும் அழுதாள். ஒருநாள் கட்டைவிரலால் அழுத்தியதுமே குண்டு இறங்கிவிட்டது. "பாத்தியா, ஒன் கை சரியாயிருச்சு" என்று அவர் குழந்தை மாதிரி குதித்தார். அவளும் நம்பினாள். லிந்துலை வைத்தியர் எண்ணெய்தான் குணமாக்கியது என்று லயம் முழுக்கச் சொல்லி, கேட்டவர்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தாள். வலி மட்டும் முழுசாகப் போகவில்லை. அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டாரே என்று அதை அவரிடம் சொன்னதில்லை.

"பாவி மனுசா," என்றாள்.

சார்ஜன் துவக்கை வாங்கிக்கொண்டு போனார். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

உள்ளே தாடைக்கட்டை அவிழ்த்து எல்லோரும் வாய்க்கரிசி போட்டு முடித்திருந்தார்கள். "வா, நீதான் பாக்கி. தூக்க ஆளு நிக்குது," என்றாள் அம்மாக்கண்ணு.

காளியாயி வலது கையில் அரிசியை அள்ளினாள். மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. குனிந்து அவர் காதுப் பக்கம் முகத்தைக் கொண்டுபோனாள்.

"எனக்குக் கை சரியாகலைங்க. சும்மா சொன்னேன். இன்னும் வலிக்குதுங்க."

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "முடியலன்னா விடு ஆயி, நான் புடிச்சுக்கிறேன்," என்று அம்மாக்கண்ணு கையை நீட்டினாள். காளியாயி கொடுக்கவில்லை. வலியில் கை சாய்ந்து, பாதி அரிசி மீசையில் சிந்தியது. வாசலில் தப்பு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். தூக்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அவள் மீசையில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அவர் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.